வாசற்படி தாண்டாத வாக்கு

எங்கள் ஊரில் கடவுளைக் கேட்காமல் யாரும் எதையும் தொடங்குவதில்லை. கல்யாணம், வீடு, கடை, பயணம் என்று பெரிய காரியங்களுக்கு மட்டும் கேட்ட காலம் ஒன்று இருந்தது. அப்புறம் பல் பிடுங்க, மீசையை எடுக்க, கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட, குழந்தைக்குப் பால் மறக்கடிக்க என்று எல்லாவற்றுக்கும் கேட்க ஆரம்பித்தோம். கடவுளும் சலிக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மற்ற ஊர்க்காரர்கள் தாங்களாகவே யோசித்து முடிவெடுத்து வீணாய்ப் போவதைப் பார்த்தால் எங்களுக்குப் பரிதாபமாக இருக்கும்.

கேட்பது நாங்கள் இல்லை. அதற்குத் திருவுளச் சபை இருக்கிறது. சபையின் தலைவருக்குப் பெரிய கேட்பவர் என்று பெயர். காரியத்தைச் சொன்னால் அவர் மௌன அறைக்குள் போவார். பாதிப் பதிலோடு அவசரப்பட்டு ஓடி வந்துவிடக் கூடாது என்பதால் வெளியிலிருந்து பூட்டிவிடுவார்கள். கடவுள் பேசி முடித்ததும் அவர் உள்ளிருந்து கதவைத் தட்டுவார், வாசல்காரர் திறப்பார். இதில் முக்கியமான விதி ஒன்று உண்டு. அறைக்குள் காதில் விழுந்தது வாக்கு ஆகாது. அதை எடுத்துக்கொண்டு வாசற்படியைத் தாண்டி வெளியே காலை வைத்தால்தான் வாக்கு. முன்பு இருந்த ஒரு கேட்பவர் படி தடுக்கி உள்பக்கமாக விழுந்து, விழுந்த இடத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அன்று அவர் கேட்கப் போனது ஒரு கல்யாணத்தைப் பற்றி. அந்தப் பெண்ணுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. பதில் இன்னும் நிலுவையில் இருப்பதால் வேறு மாப்பிள்ளையும் பார்க்க முடியவில்லை.

சபையை மீறினால் என்ன ஆகும் என்றும் எங்களுக்குத் தெரியும். ஒரு டாக்டர் கேட்காமலே ஒருவனுக்கு அறுவை செய்துவிட்டார். நோயாளி செத்திருந்தால் பாடம் கற்றுக்கொண்டார் என்று மன்னித்திருப்பார்கள். அவன் பிழைத்துக்கொண்டான். டாக்டரை ஊரை விட்டு அனுப்பினார்கள். பிழைத்தவனோடு இன்றுவரை யாரும் பேசுவதில்லை.

இப்படிப்பட்ட சபைக்குத்தான் பூட்டுக்காரன் ஒரு நாள் காலையில் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றான். கடையிலிருந்து ஆஸ்பத்திரிக்கும், ஆஸ்பத்திரியிலிருந்து இங்கேயும் ஓடி வந்ததில் தோளில் தொங்கிய கருவிப் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. மனைவிக்குக் குடல்வால் வீங்கியிருந்தது. “சாயங்காலத்துக்குள்ள எடுத்தாகணும். விட்டா உள்ளேயே வெடிச்சிடும்” என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொல்லிவிட்டு, கத்திகளைக் கொதிக்க வைத்து அடுக்கிக்கொண்டு, சம்மதம் வரட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். போன டாக்டரின் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் இவர்.

பெரிய கேட்பவர் அப்போதுதான் காலைச் சாப்பாட்டை முடித்துப் பல்லிடுக்கைக் குத்திக்கொண்டிருந்தார்.

“வயிறு யாருது?” என்று கேட்டார்.

“என் பொண்டாட்டியோடதுங்க.”

“அங்கதான் தப்பு பண்றே. வயிறு ஆண்டவனோடது. உன் பொண்டாட்டி அதுல வாடகைக்குக் குடியிருக்கா. சுவரை இடிக்கணும்னா வீட்டுக்காரரைக் கேக்க வேண்டாமா?”

“கேக்கணுங்க. கொஞ்சம் சீக்கிரமா கேட்டுட்டீங்கன்னா...”

“சீக்கிரமா?” அவர் குச்சியைக் கீழே வைத்தார். “நீ அவசரப்படறேன்னு நானும் அவசரமா கேட்டா, அவர் அவசரமா வேண்டாம்னுடுவார். அனுபவத்துல சொல்றேன். போன மாசம் ஒருத்தன் இப்படித்தான், குழந்தைக்குக் காய்ச்சல்னு குதிச்சான். கேட்டேன். வேண்டாம்னுட்டார். இப்ப அவன் எவ்வளவு நிதானமா இருக்கான் தெரியுமா?”

பூட்டுக்காரனுக்கு அந்த ஆளைத் தெரியும். நிதானமாகத்தான் இருக்கிறான். கடைக்குக்கூடப் போவதில்லை.

மௌன அறையைப் பக்தர்களின் கொடையில் அப்போதுதான் புதுப்பித்து முடித்திருந்தார்கள். பழைய அறையில் தெருச் சத்தமும் சமையலறைச் சத்தமும் உள்ளே வந்து, கடவுள் சொன்னது எது, பாத்திரம் கழுவுகிறவள் சொன்னது எது என்று பிரிப்பது கஷ்டமாக இருந்ததாம். இப்போது சுவர் முழுக்கப் பஞ்சு மெத்தை, அதன் மேல் தக்கை, அதன் மேல் பலகை. கதவு ஒரு முழக் கனம். ஓரங்களில் ரப்பர் வைத்து அடைத்திருந்தார்கள். “பாவி ஒருத்தன் இந்தக் கதவுல முட்டிக்கிட்டுக் கதறினாலும் உள்ள ஒரு முனகல் வராது” என்று கட்டியவர் உத்தரவாதம் கொடுத்திருந்தார். புது அறைக்குள் போகிற முதல் காரியம் பூட்டுக்காரன் மனைவியின் குடல்வால்தான். பெரிய கேட்பவர் ஒரு ஏப்பம் விட்டுவிட்டு உள்ளே போனார். வாசல்காரர் பூட்டிவிட்டு, தட்டும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

வழக்கமாக ஒரு தம்ளர் டீ ஆறுகிற நேரத்தில் தட்டிவிடுவார். டீ ஆறியது. ஆடை படிந்தது. அதில் ஒரு ஈ விழுந்து செத்தும் போனது. தட்டும் சத்தம் வரவில்லை.

“பெரிய விஷயம் பேசறாங்க போல” என்றார் வாசல்காரர், மரியாதையாக.

செய்தி பரவி சபையின் மூத்த உறுப்பினர்கள் மூன்று பேரும் வந்துவிட்டார்கள். இவ்வளவு நீண்ட மௌனம் சபையின் வரலாற்றிலேயே இல்லை என்று ஒருவர் நெகிழ்ந்தார். புது அறைக்குப் போட்ட காசு வீண் போகவில்லை என்றார் இன்னொருவர். பூட்டுக்காரனின் கையைக்கூடப் பிடித்துக் குலுக்கினார்கள். அவன் வீட்டுக் குடல்வாலைப் பற்றிக் கடவுள் இவ்வளவு நேரம் பேசுகிறார் என்றால் சும்மாவா?

போன் வந்தது. மனைவியின் தம்பி.

“மாமா, அக்காவுக்குச் சூடு ஏறிக்கிட்டே போகுது. என்ன ஆச்சு அங்க?”

“உள்ள போயிருக்காருடா. இன்னும் வரலை.”

“சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டாங்கறது இதுதான். டாக்டர் மூஞ்சியப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு மாமா.”

பூட்டுக்காரன் கதவின் அருகே போனான். தொழில்காரன் கண் கதவைத்தான் முதலில் பார்க்கும். கனத்தைப் பார்த்தான், ரப்பரைத் தடவினான், முட்டியால் ஒரு தட்டு தட்டினான். தலையணையில் தட்டியது போல இருந்தது.

“அண்ணே, உள்ளேர்ந்து அவர் தட்டினா உங்களுக்குக் கேக்குமா?” என்று வாசல்காரரைக் கேட்டான்.

அந்தக் கேள்வியைக் கட்டியவரும் கேட்கவில்லை, சபையும் கேட்கவில்லை, கொடை கொடுத்தவர்களும் கேட்கவில்லை. கடவுளின் குரல் உள்ளே வருவதற்கு வழி செய்தார்களே தவிர, மனிதனின் குரல் வெளியே வர வேண்டியிருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வாசல்காரர் பதறிப்போய்ச் சாவியை நுழைத்துத் திருகினார். பதற்றத்தில் சாவி முறிந்து பாதி பூட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது.

“தள்ளுங்க, நான் எடுத்துடறேன்” என்று பூட்டுக்காரன் பையை இறக்கினான். “கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள திறந்துடுவேன்.”

“கையை எடு” என்றது ஒரு மெல்லிய குரல்.

அது சின்னக் கேட்பவர். தலைமுடி கருப்பாக இருந்த காலத்திலிருந்து அவர் சின்னவராகவே இருக்கிறார். மீசை, கட்டில், பூனைக்குட்டி மாதிரி சில்லறைக் காரியங்களைக் கேட்க மட்டும் அவருக்கு அனுமதி. அதுவும் பெரியவர் அறையில் இல்லாத நேரத்தில்தான். எப்போதும் ஒரு கைக்குட்டையை மடித்துக்கொண்டே இருப்பார்.

“தம்பி, கதவைத் திறக்கறது ஒரு காரியமா இல்லையா?” என்று கேட்டார்.

“காரியந்தாங்க.”

“திருவுளம் கேக்காம ஒரு காரியத்தைத் தொடங்கலாமா?”

“சரி, கேளுங்க.”

“எங்க போய்க் கேக்கறது?”

“அறையிலதான்.”

“அறை பூட்டியிருக்கே.”

“அதனாலதாங்க திறக்கணுங்கறேன்.”

“அதுக்குத்தான் கேக்கணுங்கறேன்” என்றார் சின்னவர் பொறுமையாக. முரண்டு பிடிக்கிற மாட்டிடம் பேசுகிற பொறுமை அது.

பூட்டுக்காரன் மூன்று மூத்தவர்களையும் பார்த்தான். அவர்கள் இதில் இருந்த நியாயத்தை ரசித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறான். அன்றைக்குத்தான் நேரில் பார்த்தான்.

“உள்ள ஒரு மனுஷர் இருக்காருங்க. காத்துகூடப் போகாது. பாத்துக்கிட்டு நிக்கறீங்களே.”

“உள்ள இருக்கறது மனுஷர் மட்டுமா?” என்றார் முதல் மூத்தவர். “ஆண்டவரும் அவர் கூட இருக்கார். பேசிக்கிட்டிருக்கும்போது நீ கதவைத் திறந்தா, பாதி வாக்கியத்துல அவர் கிளம்பிப் போயிட்டா? அப்புறம் கூப்பிட்டா வருவாரா? உனக்கென்ன, உனக்கு ஒரு வயிறு. எங்களுக்கு ஊரே இருக்கு.”

ஆனாலும் சபை சும்மா இருந்துவிடவில்லை. திறப்பதா வேண்டாமா என்று மூவரும் அங்கேயே நின்று கண்ணை மூடினார்கள். கேட்கும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. கேட்டது போல் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். முதலாமவருக்குத் திறக்காதே என்று கேட்டது போல் இருந்தது. இரண்டாமவருக்குத் திற என்று கேட்டது போல் இருந்தது. மூன்றாமவர் வயதில் மூத்தவர். அவருக்குச் சாப்பிட்டுவிட்டு வா என்று கேட்டது போல் இருந்தது. மூன்றாவது குரல்தான் தெளிவானது என்பதை மற்ற இருவரும் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார்கள். வாசல்காரரையும் பரிமாற அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுபடியும் போன். இந்தத் தடவை மனைவியே பேசினாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருந்தது.

“என்னங்க... வந்துடுச்சா?”

“இப்ப வந்துடும்மா. டாக்டர்கிட்ட நான் பேசறேன், முதல்ல எடுத்துடச் சொல்லி...”

“வேண்டாம். சம்மதம் வராம என் மேல கத்தி வைக்க விடாதீங்க. அப்படிப் பிழைச்சு வந்தா நம்ம வீட்டு வாசலை யார் மிதிப்பா? நீங்க நல்லா கேட்டுட்டு வாங்க. நான் தாங்கிப்பேன்.”

தாங்கமாட்டாள் என்று அவள் மூச்சே சொன்னது. பூட்டுக்காரன் சுவரோரம் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவனுக்கு அவளைத் தவிர யாரும் இல்லை. பக்கத்தில் சின்னவர் கைக்குட்டையை இன்னும் ஒரு மடி மடித்தார்.

“என் கைக்குட்டை வேணுமா?” என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “நான் அந்த ஜன்னல் பக்கம் திரும்பி நிக்கப் போறேன் தம்பி. எனக்கு முதுகுல கண்ணு கிடையாது” என்றார்.

ஆடு நனைகிறதே என்று எந்த ஓநாய் அழுதாலும் பூட்டுக்காரனுக்கு அப்போது கவலையில்லை. பாய்ந்து போய்ப் பையைத் திறந்தான். மெல்லிய கொக்கி ஒன்றை விட்டு முறிந்த சாவியை வெளியே இழுத்தான். வேறு கம்பி நுழைத்து நெம்பினான். சொன்னபடி கண்ணை மூடித் திறப்பதற்குள் கதவு திறந்துகொண்டது.

பெரிய கேட்பவர் தரையில் கிடந்தார். சட்டையைக் கழற்றி எறிந்திருந்தார். கதவின் உட்புறத்தில் பஞ்சு பிய்ந்து தொங்கியது. அவருடைய நகங்களிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. கத்திக் கத்தித் தொண்டை போயிருந்தது. வெளிக்காற்று பட்டதும் மெல்ல ஒரு கையை ஊன்றித் தலையைத் தூக்கினார். வாயைத் திறந்து முதலில் கேட்டது இதுதான்:

“யார் உத்தரவுல திறந்தே?”

“ஐயா, என் பொண்டாட்டி விஷயம்...”

“கேக்காம திறந்தியா? என் சபையில, என் கதவை?”

“ஐயா, நேரம் இல்லைங்க. ஆண்டவர் என்ன சொன்னாரு? அதை மட்டும் சொல்லிடுங்க.”

“இல்லைன்னு சொன்னாரு.”

“நிஜமாவே ஆண்டவர் சொன்னாருங்களா?”

“அவர் சொன்னா என்ன, நான் சொன்னா என்ன? காலையிலேர்ந்து இங்க நான் ஒருத்தன்தான் கிடக்கறேன். கத்தினேன், யாரு வந்தா?” அவருக்கு மூச்சு வாங்கியது. “திருவுளம் கேக்காத கைக்குச் சம்மதம் கிடையாது. வெளிய வந்து ஊர் முன்னாடி சொல்றேன் இரு. தூக்கி விடு என்னை.”

கால் நிற்கவில்லை. தவழ்ந்து வந்து வாசற்படியில் ஒரு கையை வைத்தார். ஜன்னலில் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த சின்னவர், திரும்பாமலே, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலப் பேசினார்.

“கை தாண்டினா கணக்கில்லை. கால் தாண்டணும். அவர் வெளிய வந்தாத்தான் அது வாக்கு. வந்துட்டாருன்னா நான் யாரு, சின்னவன்தான். அவர் இல்லைன்னு சொன்னா இல்லைதான். வரவே மாட்டாருன்னா அது வேற. அப்ப அந்த அறையும் எனக்குத் தேவையில்லை. நான் ஏற்கெனவே வாசற்படிக்கு வெளியதான் நிக்கறேன். என் காதுல விழறது எல்லாமே அப்படியே வாக்கு. டாக்டர் நம்பர் என்கிட்ட இருக்கு தம்பி.”

பூட்டுக்காரன் பெரிய கேட்பவரைப் பார்த்தான். அவரும் அவனைப் பார்த்தார். காலையிலிருந்து முதல் தடவையாக அவருடைய முகத்தில் ஒரு சாதாரண மனிதனின் பயம் வந்தது.

“தம்பி” என்றார். “தம்பி, நான் வேணும்னா மறுபடியும் கேட்டுப் பாக்கறேன்.”

“கேளுங்க ஐயா” என்றான் பூட்டுக்காரன். குனிந்து, வாசற்படியில் இருந்த அவருடைய கையை எடுத்தான். தூங்குகிற குழந்தையின் கையைத் தொட்டிலுக்குள் எடுத்து வைப்பது போல உள்ளே வைத்தான். பிறகு கதவைத் தள்ளினான். புதுக் கதவு. சத்தமே இல்லாமல் பொருந்தியது. பையிலிருந்து நல்ல பூட்டு ஒன்றை எடுத்து அதற்கு மேல் இன்னொன்றாக மாட்டினான்.

சின்னவர் கண்ணை மூடினார். மூடின வேகத்திலேயே திறந்தார்.

“சம்மதம்” என்றார். போனை எடுத்தார்.

சாயங்காலம் ஆவதற்குள் குடல்வாலை எடுத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கஷ்டம் என்றாராம் டாக்டர்.

சாப்பிட்டுவிட்டு வந்த மூத்தவர்கள், தாங்கள் இல்லாத நேரத்தில் கடவுள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார் என்று தெரிந்து நிம்மதியடைந்தார்கள். சின்னவர் அன்று ஊர் முன்னால் பேசிய பேச்சைக் கேட்டு அழாதவர்கள் இல்லை. “ஒரு பெண்ணோட வயித்துக்காக உள்ள போனார். நம்ம எல்லாருக்காகவும் அங்கயே தங்கிட்டார். அவரை வெளிய கூப்பிட எனக்கு வாய் இருக்கு, மனசு வரலை. ஆண்டவரோட பேசிக்கிட்டிருக்கற மனுஷரை நம்ம சுயநலத்துக்காகக் கூப்பிடலாமா?” கூடாது என்று ஊரே சொன்னது. கதவின் ரப்பர் காற்றைக்கூட வெளியே விடாது. அது எவ்வளவு உபயோகமானது என்பதைச் சில நாட்களில் சபை தெரிந்துகொண்டது. கட்டியவருக்குப் பாராட்டு விழா நடத்தினார்கள்.

இப்போது சின்னவரைத்தான் பெரியவர் என்று சொல்கிறோம். வாசற்படிக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்து கேட்பதால் பதில் சீக்கிரம் கிடைத்துவிடுகிறது. கைக்குட்டையை மடிப்பதை விட்டுவிட்டார். போன மாதம் ஒரு தாய் தன் பிள்ளைக்கு வைத்தியம் பார்க்கச் சம்மதம் கேட்டு வந்தாள். அவர் பல்லிடுக்கைக் குத்திக்கொண்டே, “பிள்ளை யாருது?” என்று கேட்டதாகச் சொல்கிறார்கள்.

பூட்டுக்காரனுக்குச் சபையில் நிரந்தர வேலை. வாரம் ஒருமுறை வந்து மௌன அறையின் பூட்டுக்கு எண்ணெய் போட வேண்டும், திறக்கக் கூடாது. மனைவி எழுந்து நடமாட ஆரம்பித்ததும் முதலில் கேட்டது, கடவுளுக்கு நன்றி சொல்ல அந்தக் கதவுக்குத் தன்னை அழைத்துப் போக வேண்டும் என்பதுதான். சாக்குப்போக்குச் சொல்லிப் பார்த்தான், விடவில்லை. ஒரு நாள் கூட்டிக்கொண்டு வந்தான்.

கதவின் முன்னால் பூக்கள் குவிந்து கிடந்தன. வரிசையில் நின்று போய், அவள் கதவில் காதை வைத்து வெகுநேரம் அப்படியே இருந்தாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

“உள்ள ஒரு சின்னச் சத்தம் இல்லைங்க. என்ன ஒரு அமைதி.”

அவன் எண்ணெய்க் குப்பியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

“என்னங்க, ஒண்ணு கேக்கட்டுமா? என் விஷயமாத்தானே உள்ள போனாரு. என்னைக்காவது அவர் வெளிய வந்து, வேண்டாம்னு சொல்லிட்டார்னா? எனக்கு அப்பப்ப அந்த பயம் வருது.”

“வரமாட்டார்.”

“எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?”

“பூட்டு நான் போட்டது” என்றான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வரிசையில் பின்னால் நின்ற பெண்ணிடம் திரும்பி, பூட்டைக் காட்டி, “இவர் போட்டதுதான்” என்று பெருமையாகச் சொன்னாள்.